பூங்கா கேட்டால் காம்பவுண்டுச் சுவர் கிடைக்கிறது

திருநெல்வேலிப் பக்கம் எங்காவது புதிதாக ஒரு பூங்கா திறந்தால் நான் முதலில் பார்ப்பது உள்ளே எத்தனை மரம் நிற்கிறது என்பதைத்தான். பெரும்பாலும் விரல் விட்டு எண்ணிவிடலாம். சுற்றுச்சுவர் இருக்கும், கிரில் கேட் இருக்கும், யார் தலைமையில் யார் முன்னிலையில் திறந்தார்கள் என்று கருப்புக் கல்லில் பொறித்திருக்கும். பேவர் பிளாக் நடைபாதை, எட்டு வடிவத்தில் கூழாங்கல் பதித்த இன்னொரு பாதை, ஊஞ்சல், சறுக்கு, நீலமும் மஞ்சளுமாகப் பெயின்ட் அடித்த உடற்பயிற்சிக் கருவிகள், ஒரு மூலையில் சிமெண்ட் மான். மரம் மட்டும் அப்புறம் வச்சுக்கிடலாம் என்ற கணக்கில் நிற்கும்.

நம்ம ஊர் வெயிலைப் பற்றி நம்மாட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் சாயங்காலம் நாலரை மணிக்கு அந்த ஸ்டீல் சறுக்கில் ஒரு பிள்ளையை உட்கார வைத்துப் பாருங்கள், அலறிக்கொண்டு எழுந்துவிடும். பெஞ்சு கிரானைட், அது ராத்திரி எட்டு மணி வரைக்கும் சூடு இறங்காது. எட்டு மணிக்குப் பூங்காவைப் பூட்டிவிடுவார்கள். அப்புறம் யாருக்காகக் கட்டியது இதெல்லாம்?

நான் இருப்பது பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு காலனி. பெயர் வேண்டாம், எந்தக் காலனி பெயரைப் போட்டாலும் கதை ஒன்றுதான். எங்களுக்குப் பின்னால் பாளையங்கால்வாய் போகிறது. அதன் மேல் ஒரு சின்னப் பாலம், இரண்டு பக்கமும் உட்காரத் தோதாகத் திண்டு, ஒரு கரையில் கிழட்டுப் புங்கை. சாயங்காலமானால் அந்தத் திண்டில் இடம் கிடைக்காது. பூ கட்டுகிற ஆச்சி, பீடி சுற்றும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு அக்காமார், டியூஷன் முடிந்த பிள்ளைகள், பால் வாங்க வந்தவர்கள் என்று எல்லாரும் அங்கேதான். கூப்பிடு தூரத்தில் முறையாகக் கட்டிய பார்க் காலியாகக் கிடக்கிறது. ஏன் அங்கே போய் உட்காரக் கூடாது என்று ஒரு அக்காவிடம் கேட்டேன். "அங்க என்னத்த இருக்கு, நெருப்புல உக்காரச் சொல்லுதியளா? இங்கன காத்தாவது வருதுல்லா" என்றார். பூங்கா வடிவமைப்பைப் பற்றி இதற்கு மேல் ஒரு ஆலோசகர் அறிக்கை எழுதிவிட முடியாது. நிழல், காற்று, உட்கார ஒரு திண்டு, போக வர நாலு பேர் கண்ணில் படுகிற இடம். அந்தப் புங்கை மரத்தை எந்தத் திட்டத்திலும் யாரும் வைக்கவில்லை, பட்ஜெட்டும் போடவில்லை, அது பாட்டுக்கு நிற்கிறது.

சரி, கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். நகரத்தில் ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டு நகரத் திட்ட வழிகாட்டி சொல்கிறது. 2011 மக்கள் தொகைக் கணக்குப்படி திருநெல்வேலி மாநகரில் 4.73 லட்சம் பேர். குறைந்த அளவான 10-ஐ எடுத்துக்கொண்டாலே ஏறக்குறைய 1,170 ஏக்கர் வேண்டும். இப்போது ஜனம் இன்னும் கூடியிருக்கும், அதை விடுங்கள். ஒரு காலனிப் பூங்கா என்பது சாதாரணமாக எவ்வளவு இருக்கும்? லேஅவுட் விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால் சாலை போக மிச்ச நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 5 ஏக்கர் லேஅவுட்டில் சாலை போக மூன்றரை ஏக்கர் என்றால் பூங்காவுக்கு 35 சென்ட். அப்படி 35 சென்ட், 35 சென்டாகச் சேர்த்து 1,170 ஏக்கர் ஆக்க வேண்டும் என்றால் மூவாயிரத்துக்கு மேல் பூங்கா வேண்டும். நடக்கிற காரியமா?

நடக்காது. அதனால்தான் எனக்குப் பூங்கா எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்கிற அறிவிப்புகளில் பெரிய ஆர்வம் வருவதில்லை. இந்த மாவட்டத்தில் பசுமை வெளி என்று ஒன்று உருப்படியாக வர வேண்டுமானால் ஏற்கெனவே இருக்கிற ஆற்றங்கரை, கால்வாய்க்கரை, குளக்கரை மூன்றையும் கணக்கில் எடுத்துத்தான் திட்டம் போட வேண்டும். ஊருக்கு நடுவில் தாமிரபரணி ஓடுகிறது. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாய் பேட்டை வழியாக டவுனுக்குள் வந்து நயினார்குளத்தை நிரப்புகிறது. பழவூர் அணைக்கட்டிலிருந்து வரும் பாளையங்கால்வாய் மேலப்பாளையம், பாளையங்கோட்டை எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போகிறது. அந்தப் பக்கம் கோடகன் கால்வாய். வேறு ஊர்க்காரன் கோடி கோடியாகச் செலவழித்துச் செயற்கை ஏரி வெட்டுகிறான், நமக்குப் பழைய காலத்து வாய்க்கால் வாசலில் ஓடுகிறது, நாம் அதில் கோழிக்கழிவைக் கொட்டுகிறோம். அமலைச் செடி, அதாவது ஆகாயத்தாமரை, மூடிக் கிடக்கும்போது தண்ணீரே கண்ணுக்குத் தெரிவதில்லை.

கால்வாய்க்கரையில் ஒரு பக்கம் நடக்கப் பாதை, இன்னொரு பக்கம் மரம், நூறு இருநூறு அடிக்கு ஒரு படித்துறை, இவ்வளவு போதும். பேட்டையிலிருந்து நயினார்குளம் வரைக்கும் ஒரு ஆள் நிழலிலேயே நடந்து வர முடிந்தால் அது பத்து பூங்காவுக்குச் சமம். 2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒன்று என்று 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் தொடங்கினார்கள், நல்ல யோசனைதான், ஆனால் நடப்பதற்கென்று தனியாக ஒரு பாதையை அறிவிப்பதை விட, தினமும் ஜனங்கள் கடைக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடக்கிற வழியில் மரம் வைத்தால் எல்லாரும் தானாக நடப்பார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். குளமும் கால்வாயும் நீர்வளத் துறை கையில், பூங்கா உள்ளாட்சி கையில், சாலையோர மரம் நெடுஞ்சாலைத் துறை கையில். குளக்கரையில் பெரிய மரம் வைத்தால் வேர் இறங்கிக் கரை கசியும் என்று பொறியாளர்கள் சொல்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. நம் முன்னோர் கரையில் பனையாக வைத்தது சும்மா இல்லை. மண்ணைப் பிடித்துக்கொண்டு நேராக மேலே போகும், கரையை உடைக்காது. 2021-லிருந்து பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள், ரொம்ப நல்லது. கரையில் பனை, கரைக்கு வெளிச்சரிவு தாண்டி மற்ற மரங்கள் என்று வைத்துக்கொண்டால் இரண்டு துறைக்கும் சண்டை வராது. ஆனால் குளத்தை அழகுபடுத்துகிறேன் என்று உள்சரிவு முழுக்கக் கான்கிரீட் போட்டு, கரையைக் குளத்துக்குள் தள்ளி அகலப்படுத்தி, அதன் மேல் பேவர் பிளாக் ஒட்டி, கலர் விளக்கு கட்டுவது இருக்கிறதே, அதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. தண்ணீர் நிற்கும் பரப்பு குறைகிறது, மண்ணுக்குள் இறங்குவது நிற்கிறது, ஓரத்துக் கோரையும் சேறும் போனால் கொக்கும் நாரையும் எங்கே போய் மேயும்?

2023 டிசம்பர் 17, 18-ல் வந்த வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது. கைலாசபுரம், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் எல்லாம் ஆறு உள்ளே வந்துவிட்டது, ஜங்ஷன் பக்கம் படகு விட்டார்கள். ஆற்றை ஒட்டின தாழ்வான நிலத்தில் எது கட்டினாலும் அடுத்த வெள்ளத்தில் அதுதான் முதலில் போகும். அங்கே புல்வெளி, மருத மரம், மண் மைதானம் என்று விட்டால் வருஷத்தில் சில நாள் தண்ணீர் நிற்கும், வடிந்த பிறகு பிள்ளைகள் திரும்ப மட்டையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். நதியோரப் பூங்கா என்ற பெயரில் அங்கேயும் காம்பவுண்டுச் சுவரும் உணவகமும் கட்டிவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

மாவட்டத்துக்குள்ளேயே பார்த்துப் படிக்க இடம் இருக்கிறது. வீரவநல்லூருக்கு வடக்கே, ஆற்றங்கரையில் திருப்புடைமருதூர். நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றி உயரமான மருத மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. 2005-ல் அதைப் பறவைகள் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள், ஊர்க்காரர்களும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் இடம் அது. நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்தில் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே நாரை கூடு வைக்கும், எச்சம் விழுகிறது, மீன் நாற்றம் அடிக்கிறது என்று யாரும் விரட்டுவதில்லை, தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. 1994-ல் சரணாலயம், 2022-ல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியல் எல்லாம் பிறகு வந்தது. மரத்தை முதலில் வைத்திருந்தார்கள், பெயர்ப் பலகையை அரசாங்கம் பின்னால் கொண்டுவந்து நட்டது.

இனி மரம் நடுவது. இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம், அன்றைக்கு மாவட்டம் முழுக்க மரக்கன்று நடுவிழா. டெல்லிக்கோ கேரளாவுக்கோ ஜூன் சரியாக இருக்கலாம். நமக்கு ஆனி, ஆடி என்றால் காற்று. மலைக்கு மேற்கே மழை கொட்டும், குற்றாலத்தில் சாரல் அடிக்கும், நம் பக்கம் வருவது வெறும் வறண்ட காற்று. ராதாபுரம், வள்ளியூர், பணகுடி பக்கம் காற்றாலை நிற்கிற நிலம் இது. ஜூனில் நட்ட கன்றை அந்தக் காற்று இரண்டே மாதத்தில் உலர்த்திவிடும், கம்பில் கட்டிய சணல் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகை. புரட்டாசிக் கடைசியில் குழி போட்டு, முதல் மழை விழுந்ததும் நட்டால் பாதித் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம். கால்வாய்க்கரை மட்டும் விதிவிலக்கு, கார் நெல் பருவத்துக்கு வழக்கப்படி ஜூன் மாதம் பாபநாசம் அணையைத் திறந்துவிட்டால் அங்கே ஈரம் இருக்கும். ஜூன் 5-ல் போட்டோ எடுத்தே தீர வேண்டும் என்றால் அன்றைக்கு விதை ஊன்றிப் பையில் கன்று வளர்க்கட்டும், நாலு மாதத்தில் நடத் தயாராகிவிடும்.

என்ன மரம் என்பதில் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். தண்ணீர் ஓரத்தில் மருதம், நாவல். காலனிக்குள் வேம்பு, புங்கை, பூவரசு. இடம் பெரிதாக இருந்தால் ஆல், அரசு, இலுப்பை. ராதாபுரம், திசையன்விளை பக்கத்துச் செம்மண் தேரிக்கு வேம்பும் பனையும் குடைவேலும்தான் சரிப்படும், அங்கே போய்க் கொரியன் புல் விரிப்பது பாவம். பூவரசும் ஆலும் போத்து, அதாவது வெட்டிய கிளை, வைத்தாலே வந்துவிடும், தோள் உயரத்துக்குப் போத்தாக ஊன்றினால் ஆடு எட்டிக் கடிக்கவும் முடியாது. இதெல்லாம் நம் தாத்தாமாருக்குத் தெரிந்த விஷயம். நர்சரியில் மலிவாகக் கிடைக்கிறது, சீக்கிரம் பச்சையாகத் தெரிகிறது என்று கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை வரிசையாக வைத்தார்கள், குஜராத் அரசு 2023-ல் அதைத் தடை செய்தது, தமிழ்நாட்டிலும் இப்போது வைக்கக் கூடாது என்று சொல்லியாயிற்று. ஏற்கெனவே வைத்ததை என்ன செய்வது என்று யாராவது முடிவெடுக்க வேண்டும். குறுங்காடு, மியாவாக்கி என்று ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று நெருக்கி வைப்பதும் இப்போது எல்லா இடத்திலும் நடக்கிறது. பறவைக்கு நல்லது, குப்பைமேட்டை மீட்க நல்லது, ஆனால் அதற்குள் மனிதன் போய் உட்கார முடியாது. ஊருக்குள் இருக்கும் ஒரே 30 சென்ட் காலி இடத்தில் அதை வைத்துவிட்டு இதுதான் பூங்கா என்றால் பிள்ளைகள் ரோட்டில்தான் விளையாடும்.

பராமரிப்பில் ஒரு சின்ன விஷயம். காலையில் எங்கள் பார்க்கைப் பெருக்கும் அக்கா, உதிர்ந்த இலையை எல்லாம் ஒரு மூலைக்குக் கூட்டித் தீ வைத்துவிடுவார். அவர் மேல் தப்பில்லை, தரை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருக்குச் சொல்லப்பட்ட வேலை. பெருக்கிப் பெருக்கி மண் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிவிட்டது, மழை பெய்தால் வழிந்து கேட்டுக்கு வெளியே ஓடுகிறது. அதே இலையை மரத்தடியில் பாத்தி கட்டி மூடாக்காகப் போட்டால் தண்ணி லாரிச் செலவு குறையும், புகையும் இல்லை. இப்படி ஒரு உத்தரவு போடக் காசு எதுவும் செலவில்லை. பூங்கா அமைக்கும் ஒப்பந்தத்திலேயே மூன்று வருஷம் கழித்து உயிரோடு நிற்கும் மரத்தை எண்ணித்தான் கடைசித் தவணைப் பணம் என்று எழுதிவிட்டால் ஒப்பந்தக்காரரே தண்ணீர் ஊற்றுவார்.

அப்புறம் சாவி. எங்கள் பார்க் காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் திறந்திருக்கும், மற்ற நேரம் பூட்டு. சங்கத்தில் மூத்தவர் ஒரு அண்ணாச்சி, சாவி அவரிடம். "தொறந்து போட்டா குடிகாரப் பயலுவ வந்து உக்காந்துருவானுவ தம்பி" என்பார். பூட்டியிருக்கும்போது சுவரேறிக் குதித்து உள்ளே உட்கார்ந்து குடிக்கிறார்கள் என்பதற்கு அங்கே கிடக்கும் பாட்டிலே சாட்சி. உயரமான சுவர் அவர்களுக்குத்தான் வசதி, வெளியே இருந்து யாருக்கும் தெரியாது. சுவரை இடுப்பளவுக்குக் குறைத்து மேலே கிரில் போட்டு, கேட் பக்கத்தில் ஒரு டீக்கடைக்கோ மகளிர் குழுவின் பதனீர்க் கடைக்கோ இடம் கொடுத்தால் ஆள் நடமாட்டம் இருக்கும், பெண்கள் ராத்திரி ஏழு மணிக்கும் பயமில்லாமல் நடப்பார்கள். கழிப்பறையையும் அந்தக் குழுவிடமே ஒப்படைக்கலாம். நான் பார்த்த வரைக்கும் பூங்காவில் கழிப்பறை இருக்கும், பூட்டியிருக்கும், பெண்கள் அரை மணி நேரத்துக்கு மேல் அங்கே தங்காததற்கு அது ஒரு காரணம் என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

உங்கள் பகுதியில் பார்க் சைட் இருக்கிறதா என்றே தெரியாவிட்டால் லேஅவுட் அனுமதி வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். அதில் பூங்கா என்று பச்சையாகக் காட்டிய இடம் தானப் பத்திரம் ஆகியிருக்கிறதா என்பதற்கு வில்லங்கச் சான்று போட்டால் தெரிந்துவிடும். சில இடத்தில் பத்திரமே எழுதாமல் விட்டிருப்பார்கள், சில இடத்தில் அதன் மேல் வேறு கட்டடம் ஏறியிருக்கும். 1959-லேயே பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்க நமக்கு ஒரு சட்டம் இருக்கிறது, அதன்படி உள்ளாட்சிகள் தங்கள் எல்லைக்குள் இருப்பதை வரைபடத்தோடு பட்டியல் போட வேண்டும். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மருத்துவமனைக்கே இல்லை என்றால் மற்றதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கிராமம் என்றால் கிராம சபை இருக்கிறது, வருஷத்துக்கு ஆறு முறை, மார்ச் 22 தண்ணீர் தினத்தன்றும் ஒன்று. நகரத்தில் அந்தந்தப் பகுதி ஜனங்கள் கூடும் பகுதி சபா. அந்தப் பட்டியலைக் கொடுங்கள், போன வருஷம் நட்டதில் எத்தனை நிற்கிறது, சாவி யாரிடம் என்று கேட்டால் போதும், கூட்டம் தானாகச் சூடுபிடிக்கும்.

எங்கள் பார்க்கில் மேற்குச் சுவரை ஒட்டிப் பூவரசம் போத்து வைப்பதாகப் பேசி, வெட்டித் தர ஆளும் சொல்லியாயிற்று. அண்ணாச்சி முதலில் முறைத்துவிட்டு அப்புறம் ஒத்துக்கொண்டார். இப்போது எதிர்வீட்டுக்காரர்தான் பிடிவாதம், இலை கொட்டும், காக்கா எச்சம் போடும், கார் பாழாகும் என்கிறார். கார் நிற்பது பார்க் சைட்டில் என்பதை அவரிடம் யார் சொல்வது என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறோம்.